கிணற்றடி வரை நடக்கக் கேட்ட ஜெசிந்தா

பாண் விற்கும் ஓட்டோக்காரர்தான் எனக்குச் சொன்னார். காலை ஆறரை மணிக்கு, தினமும் போடும் அதே பாட்டைப் போட்டுக்கொண்டு அவர் தோட்டவெளியில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தார். நான் கேற்றடியில் நின்றேன். பாட்டை நிறுத்திவிட்டு, "ஐயா, உங்கட எக்சசைஸ் அம்மா விடியப்புறம் போயிட்டாவாம்" என்றார். என் முகத்தைப் பார்த்தவர், "ஒரு பாணோ, அரைப்பாணோ?" என்று கேட்டார். அவரும் பிழைப்பைப் பார்க்கவேண்டும். அரைப்பாண் என்றேன். அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். மூன்றாம் நாள் பூசணம் பிடித்த பிறகுதான் எடுத்து எறிந்தேன்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுத ஒப்புக்கொண்டபோதே ஒன்றைச் சொல்லிவிட்டேன். இனிக்க இனிக்க எழுத என்னால் முடியாது. அப்படி எழுதக்கூடியவர்கள் இந்த மலரில் வேறு பக்கங்களில் எழுதியிருப்பார்கள். அவற்றை வாசியுங்கள்.

தேவாலயப் பங்கு மண்டபத்தின் பின்முற்றத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும் காலையில் பாயோடு வந்தவர்களுக்கு ஜெசிந்தாவை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடத்தல்தீவில் பிறந்தவர். வைத்தியசாலையில் முப்பது வருடம் சிற்றூழியராக இருந்தவர். அதில் பெரும்பகுதி, கை கால் முறிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அறையில் கழிந்தது. தரை துடைத்தார், கட்டில் தள்ளினார், நோயாளிகளைத் தூக்கினார். தூக்கும்போது பார்த்தார், கேட்டார், மனதில் வைத்தார். சான்றிதழ் ஒன்றும் கிடையாது. எனக்கும் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டு, சாமான் சுற்றிவரும் பேப்பரை வாசித்து வாசித்து மீதியைக் கற்றவன் நான். அதனால்தான் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒத்துப்போகவில்லை. ஏழு வருடமும் சண்டைதான்.

முதல் சண்டை வைத்தியசாலையிலேயே தொடங்கியது. நான் பதினெட்டு வயதில் மலைநாட்டிலிருந்து வந்து, கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே உள்ள வயல்களில் கூலிக்கு நின்றவன். அரிவு வெட்டினேன், வாய்க்கால் வெட்டினேன், அறுபது வயதுக்குப் பிறகும் நெல் மூட்டை சுமந்தேன். அறுபத்தொன்பதில் ரக்ரர் பெட்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்துப் பூட்டினார்கள். பயிற்சி அறைக்கு வரச்சொல்லி ஜெசிந்தா கட்டிலடிக்கு வந்தார். நான் மறுத்தேன்.

"இது வேலை செய்த உடம்பு பிள்ளை. எக்சசைஸ் எல்லாம் கந்தோரில குந்தியிருக்கிறவைக்கு."

"சரி அண்ணை. இந்தக் கதிரையில இருந்து கை ஊன்றாமல் எழும்பிக் காட்டுங்கோ. எழும்பினா நான் போறன். போகேக்க உங்களுக்கு ஒரு ரீயும் ஊத்தித் தந்திட்டுப் போறன்."

மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் கதிரை என்னைத் திரும்ப இழுத்துக்கொண்டது. நூறு கிலோ மூட்டையைத் தூக்கிய முதுகு, என்னைத் தூக்க மறுத்தது. வார்ட்டில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரீ இல்லை" என்றார் ஜெசிந்தா. சிரிக்கக்கூட இல்லை.

அப்போது எனக்கு என்ன பயம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரிந்தது. வவுனியாவில் இருக்கும் என் மகன், "அப்பா இனித் தனிய இருக்கேலாது" என்று முடிவு கட்டிவிட்டான். தோட்டவெளியில் எனக்குக் கிடைத்த வீட்டுத்திட்ட வீடு, என் பரம்பரையிலேயே ஒருவன் பெயரில் எழுதப்பட்ட முதல் வீடு. என் அப்பா தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து லயத்தில் செத்தார். நான் மற்றவர்களின் காணியில் கொட்டில் போட்டு நாற்பது வருடம் இருந்தேன். அந்த வீட்டைப் பூட்டிவிட்டு மகனின் விறாந்தையில் ஒரு கட்டிலில் போய்க் கிடப்பதா? ஜெசிந்தா கேட்டார்: "உங்கட வீட்டில தனிய இருக்க உங்களுக்கு என்னென்ன செய்யத் தெரிய வேணும்?" ஒரு டொக்டரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட, வேலை முடிந்த ஒரு பின்னேரம் சைக்கிளில் என் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு நூல்கயிறு. கட்டில் எவ்வளவு உயரம், வாசற்படி எவ்வளவு, கிணற்றுக்கட்டு எவ்வளவு, மலசலகூடத்தில் பிடிக்க என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் அளந்து கயிற்றில் முடிச்சுப் போட்டார். பிறகு சொன்னார்: "இவ்வளவும் செய்ய ஏலுமெண்டா நீங்கள் இஞ்சையே இருக்கலாம். இதுக்கு மேல பலம் வேண்டாம். நாங்கள் மெடல் எடுக்கப் போகேல்ல." கால்வாளித் தண்ணீரில் என்னைத் தொடங்கவைத்தார். கிழமைக்கு இரண்டு விரல் அளவு கூட்டினார். நிறைவாளியை நான் ஒரு கையால் தூக்கி வாசற்படி ஏற ஐந்து மாதம் பிடித்தது. அன்று என் மகன் வந்திருந்தான். பார்த்துவிட்டுத் தனியாகவே வவுனியா பஸ்ஸுக்குப் போனான்.

ஓய்வு பெற்ற பிறகு ஜெசிந்தா பங்கு மண்டபத்தின் பின்முற்றத்தில் அதையே எல்லோருக்கும் செய்யத் தொடங்கினார். கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லோரும் வந்தார்கள். முழங்கால் தேய்ந்த மீனவர் சவிரி அங்கேதான் எனக்குக் கூட்டாளியானார். பஸ்ஸின் முதற்படி எவ்வளவு உயரம் என்று அறிய, ஜெசிந்தா தரிப்பிடத்தில் நின்ற பஸ்ஸுக்குக் கயிறு பிடித்தார். கொண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்ன அம்மா செய்யிறீங்கள்?" என்றார். "ஒண்டுமில்லைத் தம்பி, உங்கட பஸ்ஸுக்குச் சட்டை தைக்கப் போறாவாம்" என்றார் சவிரி. அந்த உயரத்துக்கு மீன்பெட்டிகளை அடுக்கி, ஒரு கையில் கறிப்பையோடு மற்றக் கையால் மட்டும், பஸ் கம்பிக்குப் பதிலாகக் கட்டிய கயிற்றைப் பிடித்து ஏறி இறங்கவைத்தார். ஏன் பையோடு என்று கேட்டேன். "வெறுங்கையோட ஆர் அண்ணை சந்தையால வாறது?" என்றார்.

நிலத்தில் படுத்து, ஒருவர் உதவியும் இல்லாமல் எழும்பும் பயிற்சிதான் அவருக்கு முக்கியம். பக்கவாட்டில் உருண்டு, முழங்கையை ஊன்றி, நாலு காலில் வந்து, ஒரு பாதத்தை முன்னால் வைத்து, நிமிர்வது. "விழுறது ஆருக்கும் வரும். விழுந்த இடத்தில கிடக்கிறதுதான் வரக்கூடாது" என்பார். எங்களில் எழுபத்தெட்டு வயதுக்காரர்கூட அதைச் செய்தார்.

அதில்தான் பிரச்சினை வந்தது. எங்கள் பக்கத்தில் வயதானவருக்கு மரியாதை என்றால் கதிரை. செத்தவீட்டுக்குப் போனாலும், கலியாணவீட்டுக்குப் போனாலும், வாசலில் கால் வைக்குமுன் யாராவது ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். இருக்கச் சொல்வார்கள். இருந்தால் எழும்ப விடமாட்டார்கள். தண்ணீர் கையில் வரும், சாப்பாடு மடியில் வரும். திருவிழாவுக்கு முந்திய கிழமை பங்குச்சபை எங்களுக்காகவே இருபது கதிரைகளை அந்த முற்றத்தில் கொண்டுவந்து போட்டது. ஜெசிந்தா அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திருப்பி அனுப்பினார். "பெரியவையை மண்ணில இருத்தி அவமானப்படுத்துறா" என்று ஊரில் பேச்சு. கதிரை கொண்டுவந்தவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"உங்கட அம்மாவை இப்பிடி மண்ணில உருளவிடுவியளோ?"

"என்ர அம்மா கடைசி நாள் வரைக்கும் தானே எழும்பித்தான் மலசலகூடத்துக்குப் போனவ. உங்கட அம்மா எப்பிடித் தம்பி?"

அவர் கோபத்தோடு திரும்பிப் போனார். வாசிக்கிறவர்களே, உங்களில் ஆறு பேர் அந்தக் கிழமையோடு முற்றத்துக்கு வருவதை நிறுத்தினீர்கள். மரியாதை முக்கியம் என்றீர்கள். அதில் இரண்டு பேர் இன்று சில்லுக்கதிரையில் இருக்கிறீர்கள். பெயர் எழுதமாட்டேன். உங்களுக்குத் தெரியும்.

பிறகு ஏதோ ஒரு திட்டத்தில் கடற்கரையில் இரும்பு இயந்திரங்கள் நட்டார்கள். கை சுற்ற ஒன்று, கால் ஆட்ட ஒன்று. நாடா வெட்டினார்கள், உடலாரோக்கியம் பற்றிப் பேசினார்கள். முற்றத்தில் நாலு வருடம் பாடுபட்ட மனுசிக்கு அழைப்பு இல்லை. உப்புக்காற்று அந்த இரும்பை விரைவிலேயே தின்று முடித்தது. இப்போது அதில் வலை காயப்போடுகிறார்கள். நான் திட்டிக்கொண்டிருக்க, ஜெசிந்தா, "விடுங்கோ அண்ணை, இப்பதான் அதால ஒரு பிரியோசனம்" என்றார். அவருக்குச் சிரிக்க முடிந்தது. எனக்கு முடியவில்லை.

இனி அவருடைய சாவுக்கு வருகிறேன்.

மன்னார் வீதிகளில் கழுதைகள் நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு கழுதைக்கு ஒதுங்கி விலத்திய மோட்டார் சைக்கிள் ஜெசிந்தாவின் சைக்கிளில் மோதியது. இடது மணிக்கட்டு முறிந்தது. முழங்காலில் காயம், ஏழு தையல். அவ்வளவுதான். நாலாம் நாள் வைத்தியசாலையிலிருந்து அனுப்பினார்கள்; நடக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். மகள் மெற்றில்டா தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கந்தோரில் வேலை செய்பவர், கெட்டிக்காரி, தாயில் உயிரையே வைத்திருந்தவர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. "அம்மா முப்பது வருசம் மற்றவையைத் தூக்கினது காணும். இனி நாங்கள் தூக்குவம்" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். கட்டிலுக்கே சாப்பாடு. கட்டிலுக்கே மலச்சட்டி. காற்றாடி தலைமாட்டில்.

நீங்கள் எல்லோரும் பார்க்கப் போனீர்கள். பிஸ்கற்றும் தோடம்பழமும் கொண்டுபோனீர்கள். அவர் எழும்பி இருக்க முயன்றபோதெல்லாம், "ஐயோ எழும்பாதேங்கோ, படுங்கோ" என்றீர்கள். முற்றத்தில் அவரிடம் எழும்பக் கற்ற வாயாலேயே சொன்னீர்கள். ஒரு நோயாளியைப் பார்க்கப் போனால் அதைத்தான் சொல்லவேண்டும் என்று உங்களுக்கு யாரோ பழக்கிவிட்டார்கள்.

பத்தாம் நாள் நானும் சவிரியும் போனோம். மெற்றில்டா வெளிக்கிணற்றில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தாவின் கால்களைப் பார்த்தேன். பத்து நாளில் அவை வேறு யாருடையவோ போல மெலிந்திருந்தன. தன் கால் என்ன ஆகிறது என்று அந்த வீட்டிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். படுத்திருந்தபடி சொன்னார்:

"அண்ணை, என்னைக் கிணத்தடி மட்டும் நடத்திக்கொண்டு போங்கோ. அவள் கண்ணால பாக்கட்டும்."

நான் தூக்கவில்லை. அவர் தானே உருண்டு, நல்ல கையை ஊன்றி, கட்டில் விளிம்பில் இருந்து, எழும்பினார். அதற்குப் பிறகுதான் என் முன்கையைக் கொடுத்தேன். கதவு நிலை வரை ஏழெட்டு அடி வந்தார். நெற்றி வேர்த்திருந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது. அப்போது மெற்றில்டா வாளியோடு உள்ளே வந்தார். வாளியைப் போட்டார்.

"அம்மாவை விழுத்திக் கொல்லவோ வந்தனீங்கள்? உங்கட தோட்டக்காட்டுக் கெட்டித்தனத்தை உங்கட வீட்டோட வைச்சிருங்கோ!"

"மெற்றில்டா!" என்றார் ஜெசிந்தா.

"பிள்ளை, ஆள் நடக்கிறா, கொஞ்சம் பார்" என்றார் சவிரி.

ஜெசிந்தாவைத் திருப்பிக் கட்டில் வரை கொண்டுவந்து, அவர் கையை எடுத்துக் கட்டில் சட்டத்தில் வைத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டினேன். போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

மலைநாட்டிலிருந்து வந்தவர்களை இகழும் அந்தத் 'தோட்டக்காடு' என்ற சொல்லை நான் ஐம்பத்தெட்டு வருடமாகக் கேட்கிறேன். வயல் வரம்பிலும் கடைவாசலிலும் கந்தோர் மேசையிலும் கேட்டிருக்கிறேன். இந்த ஊர்த் தமிழே என் வாயில் ஊறிவிட்டது, ஆனாலும் கோபம் வரும்போது அவர்களுக்கு அந்தச் சொல்தான் முதலில் வருகிறது. கேட்டு விழுங்கிய காலம் ஒன்று இருந்தது. இனி விழுங்குவதில்லை என்று எப்போதோ முடிவெடுத்திருந்தேன். மெற்றில்டாவே 'வாங்கோ' என்று ஒரு வார்த்தை சொல்லும் வரை அந்தப் படலைக்குள் கால் வைப்பதில்லை என்று அன்று முடிவெடுத்தேன்.

நாலு நாள் கழித்துச் சவிரி வந்தார்.

"ஜெசிந்தா உம்மை வரட்டாம். மகள் கந்தோருக்குப் போன நேரமாப் பாத்து வரட்டாம்."

"நான் கள்ளனோ, ஆளில்லாத நேரம் போக?"

"அவளுக்காகப் போகச் சொல்லேல்ல ஐசே. தாய்க்காக."

"வீட்டுக்காரி கூப்பிடட்டும்."

"அப்ப, 'நீர் போய் அவவைக் கிணத்தடி மட்டும் நடத்தும்' எண்டு எனக்குச் சொல்லும், நான் போறன்."

"போமன்."

சவிரி போனார். அவருடைய முழங்கால் அவரையே தாங்குவதில்லை. கட்டிலடியில் இருந்து கதைத்துவிட்டு வந்தார். பத்து நாள் கழித்து மறுபடியும் செய்தி கொண்டுவந்தார். அதே செய்தி. நானும் அதே பதில் சொன்னேன். இந்த முறை சவிரி என்னோடு வாதாடவில்லை. "நீரும் ஒரு மனுசன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு இரண்டாம் நாள் பாண் ஓட்டோ சாவுச் செய்தியோடு வந்தது. காலில் கட்டிய இரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டதாம். கிடந்தே இருந்தால் அப்படி வரும் என்று முற்றத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான்.

செத்தவீட்டுக்குப் போனேன். எனக்கும் ஒரு கதிரை வந்தது. நான் இருக்கவில்லை. பூசை முடிந்து சேமக்காலை வரை பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். மெற்றில்டாவை நான் பார்க்கவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை. முன்பு "படுங்கோ" என்று சொன்னவர்கள் எல்லோரும் அங்கே, "என்ன மாதிரி ஓடித்திரிஞ்ச மனுசி, இப்பிடிக் கெதியாப் போயிட்டாவே" என்று அழுதார்கள். எனக்கு அவர்களோடு சேர்ந்து அழ மனம் வரவில்லை.

போன கிழமை மெற்றில்டா என் வீட்டுக்கு வந்தார். மலரை அச்சுக்குக் கொடுக்கவேண்டும், அம்மாவைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும் என்றார். கறுப்புச் சட்டை போட்டிருந்தார். கதிரை எடுத்துக் கொடுத்தேன். இருக்கவில்லை.

"எழுதுவன். நீ எனக்கு ஏசினதையும் எழுதுவன்" என்றேன்.

"எழுதுங்கோ. அது நான் சொன்னதுதானே."

சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"நீங்கள் போன அடுத்த நாளே நான் அம்மாவை நடத்தப் பாத்தனான். அவ வரேல்ல. 'உன்ர கை நடுங்குது பிள்ளை, நீ பிடிச்சா ரெண்டு பேரும் விழுவம். அண்ணை வரட்டும்' எண்டவ. என்ர கை நடுங்கினது உண்மைதான். அவ விழுந்திடுவா எண்டு அவ்வளவு பயம். பேந்து ஒவ்வொரு நாளும் படலைச் சத்தம் கேக்கிற நேரமெல்லாம் திரும்பிப் பாப்பா. நீங்கள் ஏன் ஐயா வரேல்ல?"

"நீ கூப்பிடேல்ல."

"நான் கூப்பிட வேணும் எண்டு நீங்கள் நிண்டது எனக்குத் தெரியாது. கோவத்தில அம்மாவை மறந்திட்டீங்களாக்கும் எண்டு நினைச்சன்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கப்போவதில்லை. அந்தச் சொல் பிழையான சொல்தான். அதற்கு நான் கோபப்பட்டது சரிதான். கட்டிலில் கட்டிவைத்தது போல அவரை வைத்திருந்ததும் பிழைதான். இதையெல்லாம் நான் மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வீட்டில் பயமில்லாத ஒரு கைக்காக ஒருவர் காத்திருந்தார். அந்தக் கை என்னுடையது. அதை நான் என் மடியில் வைத்துக்கொண்டு என் வீட்டில் இருந்தேன்.

முற்றத்தில் அவர் பயன்படுத்திய பாய்களைச் சவிரி எடுத்துக்கொண்டார். மீன்பெட்டிகள் மண்டபத்தில் இருக்கின்றன. சைக்கிளை மெற்றில்டா திருத்தி ஓடுகிறார். நான் எதையும் கேட்கவில்லை. என்னிடம் இருப்பது நான் போகாமல் இருந்த பதினாறு நாட்கள். என் கேற்றிலிருந்து அந்தப் படலைக்கு இருபத்தைந்து நிமிட நடை. அந்தத் தூரத்தை நடக்கும் கால்களை எனக்குத் தந்தவர் ஜெசிந்தா. பதினாறு நாளும் அவை நன்றாகத்தான் இருந்தன.